கிணற்றை இறைக்கச் சொன்னவர்

அவர் முதலில் பார்ப்பது செருப்பைத்தான். மதிப்பெண் சான்றிதழை உறையிலிருந்து எடுத்து நீட்டினாலும் உடனே கையில் வாங்க மாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வாசற்படியை ஒருமுறை பார்ப்பார். தந்தை கழற்றிவிட்டது எது, பிள்ளை கழற்றிவிட்டது எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்த்து முடித்ததும் நாற்காலியில் சற்றே பின்னால் சாய்ந்து, "உக்காருங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள், வந்த பிள்ளை எந்தக் கல்லூரியில் படிக்கப் போகிறது என்பது முடிவாகியிருக்கும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, அவரே சொன்னது.

"மார்க்கு பொய் சொல்லும் ஐயா. செருப்பு சொல்லாது."

செங்கல்பட்டில், ஏரியைப் பார்த்த தெருவில் இருக்கும் என் வீட்டின் முன்னறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வழிசொல்வது அவருடைய தொழில். 'கவுன்சலிங் சார்' என்பதே ஊரில் அவருக்கு வழங்கிய பெயர். இயற்பெயரை அறிந்தவர் சிலரே. அறிந்த எனக்கும் அதை இங்கே எழுதக் கை வரவில்லை. வைகாசி பிறந்தால் போதும். கூடுவாஞ்சேரியிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் கடற்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து என் வாசலில் காத்திருப்பார்கள். உள்கூடத்தில் அமர்ந்து நான் பாசுரம் ஓதிக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு மட்டும். அங்கே பேசியது எதுவும் எனக்கு மறைவில்லை. நான் ஓதியது எதுவும் அவருக்கும் மறைந்திருக்காது.

அவரை அயோக்கியர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை எளிதாக முடிந்துவிடும். அப்படி எழுத வழியில்லை. பிள்ளை பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசும் தரகர்கள் மலிந்த தொழில் அது. அவரோ எந்தக் கல்லூரியிடமும் ஒரு பைசா வாங்கியவரில்லை. ஒரு தீபாவளிக்குக் கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர், தன் கல்லூரியின் பெயர் அச்சிட்ட பெரிய பலகாரக் கூடையோடு வந்தார். இவர் எழுந்து நின்று இரு கைகளாலும் கும்பிட்டார். "தம்பி, இத எடுத்துகினு போயிடுங்க. எங்க வூட்ல அவ்ளோ பேரு இல்ல" என்றார். இளைஞர் கெஞ்சினார். "இத நான் துன்னா, நாளைக்கு உங்க காலேஜ் நல்ல காலேஜ்னு நானே சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்" என்று கூடையைத் தாமே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தார். பொய் சொல்ல மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். பிள்ளைகளின் தாய்மாரை நிமிர்ந்து பார்த்துப் பேசவும் மாட்டார். இத்தனை நற்குணங்களும் ஒருவரிடம் சேர்ந்து ஒரு தீமையைக் காத்து நிற்கக்கூடும் என்பதை அவரைப் பார்த்தே அறிந்தேன்.

நிச்சயம் என்பதே அவருடைய தெய்வம். சென்னைக்குப் போக வேண்டியிருந்தால், விழுப்புரத்திலிருந்து வரும் வண்டி முன்னதாகவே வந்து நின்றாலும் அதில் ஏற மாட்டார். செங்கல்பட்டிலிருந்தே புறப்படும் மின்ரயிலுக்காகக் காத்திருப்பார். ஒருமுறை என் கண்ணைக் காட்டுவதற்காக எழும்பூருக்குப் போனேன்; துணைக்கு வந்தார். வந்து நின்ற வண்டியில் சன்னலோரம் இடம் இருப்பதை, மங்கிய கண்ணோடு நானே பார்த்தேன்.

"ஏறிவிடலாமே" என்றேன்.

"வேணாம் ஐயா. நாம ஏர்றதுக்குள்ள எவனாச்சும் உக்காந்துடுவான். நம்ம வண்டி வரட்டும். அதுல நமக்குன்னு எடம் கீது."

வந்தது. இடமும் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் புறப்பட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் அவருக்கு அதில் வருத்தமேதும் இல்லை. "ஆனா பாருங்க, நெடுக்க உக்காந்துகினே போனோம்" என்று மனநிறைவோடு சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்ட மாட்டார். ஏகாதசியன்று என்னுடன் கோயிலுக்கு வந்தால் நெரிசலில் நுழையாமல் தூணோரம் நின்று கொடிமரத்தைப் பார்த்தே கும்பிட்டுவிடுவார். "அங்க போனா பாக்கறமோ இல்லியோ. இது நிச்சயமா தெரியுது."

அவர் இப்படி ஆனதற்கு ஒரு பழங்கதை உண்டு. இளமையில் பேருந்து நிலையத்தருகே ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பொறியியல் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு அந்தக் காலத்தில் நேரில் நடக்கும். பிள்ளையும் பெற்றோரும் சென்னைக்குப் போய்ப் பெரிய அரங்கில் அமர்ந்திருப்பார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்பது முன்னால் திரையில் ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் குறையும். விவரம் அறியாத குடும்பங்களை இவரே ரயிலேற்றி அழைத்துப் போவார். ஒருநாள் ஒரு பையன் இதுவா அதுவா என்று தயங்கிக்கொண்டிருந்தபோதே, திரையில் அவன் விரும்பிய கல்லூரிக்கு நேரே பூச்சியம் விழுந்தது. பையனின் தகப்பனார் அரங்கென்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். "அந்தப் பூச்சியம் இன்னும் என் கண்ணுல கீது ஐயா" என்பார். அன்று அவர் கற்ற பாடம், எட்டுவதை உடனே பிடி என்பது. அந்த அரங்கில் அது சரியான பாடமாகவே இருந்திருக்கலாம். காலம் மாறிக் கலந்தாய்வு கணினிக்குள் போய்விட்டது. பாடம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஒருமுறை மாமல்லபுரத்தில், கடல்மல்லைக் கோயிலில் அவருக்கு அத்தலத்தின் கதையைச் சொன்னேன். முனிவர் ஒருவர் தாமரை மலர்களைப் பறித்துத் தொடுத்து, பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவடியில் இடுவதற்காகப் புறப்பட்டார். நடுவே கடல் குறுக்கிட்டது. வழி உண்டாகட்டும் என்று வெறுங்கையால் கடலை இறைக்கத் தொடங்கினார். கண்டவர் சிரித்தார்கள். அவர் இறைத்துக்கொண்டேயிருந்தார். அந்தக் கைகளின் பேதைமையைப் பொறாமல் பெருமான் ஒரு முதியவராக வந்து, பசிக்கிறது என்று சோறு கேட்டான். முனிவர் சோறு கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் அம்மலர்களைத் தானே சூடிக்கொண்டு, பாம்பணையும் இல்லாமல் வெறுந்தரையில் படுத்துவிட்டான். இன்றும் அங்கே அவன் கிடப்பது தரையில்தான். எளியவன் ஒருவன் அளவின்றிக் கேட்டதற்காக ஆண்டவன் மண்ணில் வந்து கிடந்த இடம் அது. எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கதையின் முடிவில் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

கேட்டு முடித்துவிட்டு அவர் சிரித்தார்.

"அவரு எங்கிட்ட வந்திருந்தா நான் கடல எறைக்க வுட்டுருக்க மாட்டேன் ஐயா. பக்கத்துல ஒரு கெணத்தக் காட்டி, இத எறைங்கன்னு சொல்லியிருப்பேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். அவருக்கும் சந்தோஷம்."

நானும் அன்று சிரித்தேன். சிற்பக் கூடங்களின் உளிச் சத்தத்தையும் சுற்றுலா வண்டிகளின் ஊதல்களையும் கடந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அது வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணியிருந்தேன்.

இனிச் சொல்லப்போவது விளங்க வேண்டுமானால், கணினிக் கலந்தாய்வின் முறையைச் சிறிது சொல்ல வேண்டும். பிள்ளை தான் விரும்பும் கல்லூரிகளை வரிசையாக எழுதித் தர வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். அப்பிள்ளையின் முறை வரும்போது கணினி அந்த வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதலாவதில் இடமிருந்தால் அது, இல்லையேல் இரண்டாவது, அதுவும் இல்லையேல் மூன்றாவது. ஆகவே எட்டாத உயரத்தில் இருப்பதை முதலில் எழுதுவதால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. கிடைத்தால் கிடைத்தது, இல்லையென்றால் அடுத்தது தானாக வரும். பெரிதாகக் கேட்டவனைத் தண்டிக்காத ஏற்பாடு அது. மனிதர் செய்த ஏற்பாடுகளில் அத்தகையவை அரிது.

ஆனால் கணினியின் கருணை ஊராரின் வாய்க்கு விளங்குவதில்லை. 'எத்தனையாவது விருப்பம் கிடைத்தது?' என்பதே எங்கும் கேள்வி. முதலாவது என்றால் வெற்றி, நான்காவது என்றால் தலைகுனிவு. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு தாய், மகன் யாரையும் கேளாமல் தானே எழுதிவிட்டான் என்றும், நான்காவதுதான் கிடைத்தது என்றும் சொல்லி என் வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நான்காவது எது என்று கேட்டபோது, இவர் தம்மிடம் வருபவர்களுக்கு முதலாவதாக எழுதித் தருவதைவிட அது எவ்வளவோ உயர்ந்த கல்லூரியாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "மொதல்லயே வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஏதும் இல்லை. அந்த அம்மாளும் ஆமாம் ஆமாம் என்று தலையசைத்து, அடுத்த ஆண்டு தங்கை மகளை அழைத்து வந்தாள்.

'சார் கையால் எழுதினால் முதல் விருப்பம்' என்று அவருடைய கீர்த்தி இப்படித்தான் வளர்ந்தது. ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. பொய்க்க வழியேது? கேட்காமலே கிடைக்கக்கூடியதைத் தேடி எடுத்து, அதையே முதல் விருப்பம் என்று எழுதிவிடுவார்.

சாமுவேல் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்த நாளில் எனக்கு இவ்வளவு தெளிவு இருக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே, கடலை ஒட்டிய ஒரு சொகுசு விடுதியில் நீச்சல்குளத்தைப் பராமரிப்பவர் சாமுவேல். குளோரினில் ஊறி ஊறி அவருடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. விடுதியில் தங்கிப்போன யாரோ விட்டுச்சென்ற, அவ்விடுதியின் முத்திரை பதித்த குளியல் செருப்பை அணிந்து வந்திருந்தார். மகள் எஸ்தர் ஒல்லியாக, நெற்றி அகன்று, பேசுவதற்கு முன் உதட்டை ஒருமுறை மடித்துக்கொள்ளும் பெண். உள்ளே எட்டிப் பார்த்த என்னைக் கண்டு, முன்பின் அறியாதவளாயினும் "வணக்கம் தாத்தா" என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார். பின்னால் சாய்ந்தார். "உக்காருங்க."

வழக்கமான கேள்விகள் நடந்தன. வீட்டில் யாராவது கல்லூரிக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்ல சார். எங்கப்பா மதுராந்தகம் ஏரிப் பக்கம் நடவுக்குப் போனவரு. நான் எட்டாவதோட நின்னுட்டேன். எங்க வூட்லயே இதான் மொதலு."

அதன்பின்தான் மதிப்பெண்ணைக் கையில் வாங்கினார். அவர் அறைக்கு அந்த ஆண்டு வந்த மதிப்பெண்களில் அது மிக உயர்ந்தது என்று பின்னர் அவரே என்னிடம் சொன்னார்.

"நீ இன்னாம்மா நெனச்சிகினு கீற?"

எஸ்தர் உதட்டை மடித்தாள். சென்னையில் உள்ள பழைய அரசுக் கல்லூரி ஒன்றைச் சொன்னாள். அதன் பெயரை அவள் சொன்ன விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கோபுரத்தை முதலில் கண்டவர்கள் பேசும் குரல் அது.

"போன வருஷம் என் மார்க்குக்கு அங்க கெடச்சிருக்கு சார். நான் பாத்தேன்."

"போன வருஷம் கெடச்சா இந்த வருஷம் கெடைக்குமா? அதெல்லாம் கைக்கு எட்டாததும்மா. இங்க ஜி.எஸ்.டி. ரோட்டு மேலயே நல்ல காலேஜ் ஒண்ணு கீது. வூட்லருந்து பஸ்ஸுல போயிட்டு வந்துடலாம். அத மொதல்ல எழுதறேன்."

"சார், அத ரெண்டாவதா எழுதினா? மொதலாவது கெடைக்கலன்னா அது வந்துடும் இல்ல?"

தடுப்புக்கு இப்பால் நான் ஓதுவதை நிறுத்தியிருந்தேன். விடையாக வந்தது விடையன்று.

"மொத விருப்பம் கெடைக்கலன்னா ஒரு வூட்ல இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. நான் பாத்திருக்கேன்."

அவள் மறுபடியும் வாய் திறப்பதற்குள் சாமுவேல் பதறிப்போய் அவள் முழங்கையைத் தொட்டார். "பாப்பா, சார் பேசும்போது குறுக்கால பேசாத. சாரு எழுதனா மொத விருப்பம் வந்துடும்னு ஊரே சொல்லிகினு கீது. நமக்கு இன்னா தெரியும்? நீங்க எழுதுங்க சார்."

எழுதினார். வரிசையைப் பூட்டுவதற்கான எண் சாமுவேலின் கைபேசிக்கு வந்தது. தேவாலயத்தில் வசனம் வாசிப்பவரைப்போல எழுந்து நின்று, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிதானமாக அவர் வாசித்தார். வரிசை பூட்டப்பட்டது. எஸ்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததை, தடுப்பின் ஓரமாக வந்து நின்ற நான் கண்டேன்.

அந்த வாரமே கவுன்சலிங் சாரின் மகன் வந்தான். சென்னையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன். அவனும் அவ்வாண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். மதிப்பெண் நல்லதுதான், எஸ்தருடையதைவிடக் குறைவு. வாசலில் செருப்பு ஏதும் இல்லாதிருந்ததால் யாரும் வரவில்லை என்று நினைத்துக் கூடத்தில் அமர்ந்தேன். அவன் காலணியோடே உள்ளே போயிருந்தான். தடுப்புக்கு அப்பால் நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல் எழுந்தது. அவருடைய குரல்தான், ஆனால் அதில் ஓர் இளமை, ஒரு துணிச்சல்.

"மேலருந்து எழுதுடா. இன்னும் மேல. அதையும் எழுது, இதையும் எழுது. கேக்கறதுக்கு இன்னாடா கூச்சம்? கெடைக்கலன்னா அடுத்ததுக்குத் தானா போவுது. எவன் உன்ன கேக்கப் போறான்?"

ஓதிக்கொண்டிருந்த அடி என் நாவில் பாதியில் நின்றது. பின்னர் அதை எடுத்து முடிக்க மனம் கூடவில்லை.

மகன் போன பிறகு அவர் கை கழுவக் கொல்லைப்புறம் வந்தார். நான் கிணற்றடியில் நின்றிருந்தேன்.

"அந்தப் பெண்ணுக்கும் இப்படியே எழுதியிருக்கலாமே" என்றேன்.

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. "எழுதியிருக்கலாம்" என்றார்.

"கிடைக்காமற் போனாலும் அவளுக்கு என்ன நஷ்டம்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல ஐயா."

"பின்னே யாருக்கு?"

துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, மாணவனுக்குக் கணக்கை விளக்குபவரின் பொறுமையோடு சொன்னார். "அவளுக்கு மூணாவது கெடச்சா, அவங்கப்பா வெளிய போயி மூணாவதுன்னுதான் சொல்லுவாரு. சார் எழுதியும் மூணாவதுதான்னு நாலு பேரு பேசுவான். அடுத்த வருஷம் இந்த வாசல்ல செருப்பு கொறையும். எம்புள்ளைக்கு மூணாவது கெடச்சா எவன் எங்கிட்ட வந்து கேக்கப் போறான்?"

"அவளுடையதை இனி மாற்ற முடியாதா?"

"பூட்டியாச்சு. தொறக்க முடியாது ஐயா."

அவர் முகத்தில் வெட்கம் இருந்திருந்தால் நான் அவரை வெறுத்திருக்க மாட்டேன். அவர் முகம் தெளிவாக இருந்தது. அந்தப் பெண்ணை அவர் வஞ்சித்ததாக அவருக்கே தோன்றவில்லை. நிச்சயமான ஒன்றைக் கொடுத்திருக்கிறோம் என்ற நிறைவோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கேட்பவள் கடலை நோக்கி நடந்தாள். கையைப் பிடித்துத் திருப்பிக் கிணற்றடியில் நிறுத்தியாயிற்று. அவள் இறைத்து முடிப்பாள். எல்லோரும் மெச்சுவார்கள். கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எவரும் அளக்கப் போவதில்லை.

ஒதுக்கீடு வெளியான மறுநாள் சாமுவேல் லட்டுப் பெட்டியோடு வந்தார். வாசலிலிருந்தே குரல் கேட்டது. "சார்! மொதலாவது சார்! நீங்க எழுதன மாறியே மொதலாவது!" உள்ளே வந்ததும் குனிந்து கவுன்சலிங் சாரின் காலைத் தொடப்போனார். அவர் பதறித் தடுத்தார். எனக்கும் ஒரு லட்டு வந்தது. எஸ்தர் புது உடையில், கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள். அறையின் மூலையில் அவருடைய மகன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பிக்கு எங்க சார் கெடச்சிது?" என்று கேட்டார் சாமுவேல்.

அவர் பொய் சொல்லாதவர் என்று முன்பே எழுதினேன். எஸ்தர் கேட்டிருந்த அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னார்.

சாமுவேலுக்கு அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். எஸ்தருக்கு எப்படி மறக்கும்? "எத்தினியாவது சாய்ஸ்?" என்று பையனைப் பார்த்துக் கேட்டாள். மதிப்பெண் என்ன என்றும் கேட்டாள். அவன் தலை நிமிராமல் இரண்டையும் சொன்னான்.

மூன்றாவது என்ற சொல் மட்டும் சாமுவேலின் காதில் விழுந்தது. அவர் முகம் வாடியது. லட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளபடியே துயரம் தோய்ந்த குரலில் சொன்னார்: "அடடா, மூணாவதா? ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்துட்டு உங்க புள்ளைக்கு இப்டி ஆயிடிச்சே சார். வருத்தப்படாதீங்க. கர்த்தர் பாத்துப்பாரு. தம்பி, நீயும் மனச வுட்றாத."

அவர் தலையசைத்து அந்த ஆறுதலை ஏற்றுக்கொண்டார். இத்தனை ஆண்டு ஓதிய எந்த வரியும் அந்த நேரத்தில் எனக்குத் துணை வரவில்லை. லட்டு கையில் பிசுபிசுத்தது.

சாமுவேல் வண்டியைத் திருப்பி நிறுத்தத் தெருவுக்குப் போனார். எஸ்தர் போகவில்லை.

"சார், அத மொதல்ல போட்டு இத ரெண்டாவதா போட்டிருந்தா, இது கெடைக்காம போயிருக்குமா?"

"போயிருக்காதும்மா."

"அது கெடச்சிருக்குமா?"

அவர் நாற்காலியில் சற்று அசைந்தார். "கெடச்சிருக்கும்."

"அப்புறம் ஏன் சார்?"

அவர் விரலால் வெளியே காட்டினார். தெருவில் சாமுவேல், பக்கத்து நகலகத்துக்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு, வெளுத்த விரல் ஒன்றை உயர்த்தி, "மொதலாவது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவப் பாரும்மா. எவ்ளோ சந்தோஷமா கீறாரு."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாகத் தோன்றியது. பிறகு வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"எல்லாம் கேட்டீங்களா தாத்தா?"

"கேட்டேன் அம்மா."

"எங்கப்பா கிட்ட சொல்லிடாதீங்க. அவரு பொறந்ததுலருந்து கேட்டது கெடச்சது இது ஒண்ணுதான்."

அவள் சொன்னபடியே நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக் கல்லூரியிலேயே படித்து முடித்தாள். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வார்த்தெடுத்த உதிரி பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். வீட்டுக்குத் தளம் போட்டார்கள். எந்தக் கேடும் அவளுக்கு நேரவில்லை. ஆகவே, இழந்தது இன்னதென்று எவரும் சுட்டிக் காட்ட முடியாது. சாமுவேல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு அவரைப் பார்க்க வருவதற்கும் தடையேதும் இல்லை. அவருடைய வாசலில் செருப்பும் குறையவில்லை. ஆண்டுக்காண்டு பெருகியது.

அவர் மாரடைப்பால் காலமானது சென்ற ஆண்டு, கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த மாதத்தில். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அடுத்த தெருவில் இருந்த அவருடைய வீட்டு வாசலில் வந்தவர்களின் செருப்புகள் படியை மூடித் தெரு வரை கிடந்தன. உயிரோடு இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பார்வையில் படித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, என் செருப்பையும் அவற்றின் நடுவே விட்டுவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டேன். வெறுப்பவனும் கும்பிட்டுத்தான் வர வேண்டும். அது முறை.

திரும்பி வந்தபோது என் வீட்டு முனையில் சாமுவேல் ஏணியில் நின்று விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் அச்சடித்துக் கொண்டுவந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகை அது. நடுவில் கவுன்சலிங் சாரின் படம். நாற்காலியில் சற்றே பின்னால் சாய்ந்திருந்தார். அதன் கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் மகளுக்கு முதல் விருப்பத்தையே வாங்கித் தந்த ஐயா' என்றிருந்தது. அதன் கீழே சாமுவேலின் பெயரும் எஸ்தரின் பெயரும்.

பதாகையின் மறுமுனையை எஸ்தர் பிடித்திருந்தாள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கைகளை உயர்த்தி, காற்றில் அது படபடக்காமல் இறுகப் பற்றியிருந்தாள்.

"பாப்பா, உம் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றார் சாமுவேல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம். நாலு பேரு படிக்கணும்."

அவள் தூக்கினாள். உதட்டை ஒருமுறை மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நேரா கீதா தாத்தா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல் படித்துப் பார்த்தேன்.

"நேராக இருக்கிறது அம்மா" என்றேன். அவள் கட்டினாள்.